பேங்க்ஸி கண்காட்சி: அசலா, நகலா?

பேங்க்ஸி, தான் யாரென்று காட்டிக்கொள்ளாத பிரிட்டிஷ் தெரு ஓவியர். ஊர் ஊராகச் சுற்றும் அவருடைய ஓவியக் கண்காட்சியில் இருப்பவை அசல்தானா என்று கேட்டிருந்தீர்கள். டிக்கெட் எடுக்கும் முன் அறிவிப்பில் 'அனுமதி பெறாதது' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். மோசடி என்று அர்த்தமில்லை. ஓவியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவ்வளவுதான். தனியார் சேகரிப்பிலிருந்து வந்த ஸ்கிரீன் பிரிண்டுகள் (மெல்லிய திரை வழியாக மை தேய்த்து அச்சிட்ட படங்கள்) அசலாக இருக்கலாம். சுவர் ஓவியங்கள் பெரும்பாலும் மறுபடி வரைந்தவைதான்.

பேங்க்ஸியே நடத்தியவை குறைவு. உதாரணமாக, 2009இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருங்காட்சியகத்தில் ஒன்று, 2023இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒன்று. கிளாஸ்கோவில் அவர் பயன்படுத்திய ஸ்டென்சில்களையே (மேலே வைத்து வண்ணம் தெளிக்கும் வெட்டுத் தகடுகள்) வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களின் போனைப் பையில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். நல்லதுதான், கண்ணால் பார்க்கட்டுமே!

அசலா என்று சான்று தருவது 'பெஸ்ட் கன்ட்ரோல்' (Pest Control) என்ற பெயரில் இயங்கும் அவருடைய அலுவலகம். தெருவில் வரைந்தவற்றுக்கு அது சான்று தருவதில்லை. அதனால் பெயர்த்தெடுத்த சுவர்த்துண்டைக் காட்டி 'சான்றிதழ் உண்டு' என்றால், யார் கொடுத்தது என்று கேளுங்கள்.

படங்களைப் பார்த்து ரசிக்கத்தான் என்றால் சரி, போய் வாருங்கள். அசல் கைவேலைதான் வேண்டும் என்றால், உயிரோடிருக்கும் தெரு ஓவியர் யாராவது தானே கேலரியில் வைக்கும் கண்காட்சியைத் தேடுங்கள். அவற்றில் பலவற்றுக்கு டிக்கெட்டே இருக்காது.