வரிக்கு வரி தமிழ் சொல்லாமல் ஆங்கிலக் கதையை எப்படி நடத்துவது?

புதுக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: ‘எல்லாரும் தமிழ் வழிப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பேன், உடனே தமிழில் சொல்வேன். கதை புரிந்துவிடுகிறது. ஆனால் பரீட்சைக்குக் கைடில் உள்ள பாராவைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். கதையை அவர்களே படிக்க வைக்க வழி உண்டா?’

உண்டு டீச்சர். முதலில் அந்த வரிக்கு வரி தமிழை நிறுத்துங்கள். அடுத்த நொடி தமிழ் வந்துவிடும் என்று தெரிந்த பிள்ளை ஆங்கில வரியைக் காதில் வாங்காது, தமிழுக்காகக் காத்திருக்கும், வருஷம் முழுக்கக் காத்திருக்கும். கதைக்குள் போகுமுன் தமிழில் பேசுங்கள், கதையைப் பற்றி வாதாடும்போது அவர்கள் தமிழிலேயே கத்தட்டும். வாக்கியத்தைப் படிக்கிற வேலையை மட்டும் தமிழிடம் கொடுக்காதீர்கள்.

ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை’, 1905 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்தது. வறுமையில் இருக்கும் இளம் தம்பதி டெல்லா, ஜிம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவள் தன் நீளமான கூந்தலை விற்று அவனுடைய பாக்கெட் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ அந்தக் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வருகிறான்.

மூலக் கதையை அப்படியே கையில் கொடுக்காதீர்கள், அதன் ஆங்கிலம் கடினம். நூறு சொல்லில் தெரியாத சொல் இரண்டுக்குமேல் போனால் துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷனும் அவருடன் ஆய்வு செய்தவரும் 2000-இல் சொன்ன கணக்கு. அதனால் அறுநூறு, எழுநூறு சொல்லுக்குள் நீங்களே சுருக்கி எழுதுங்கள். இது புது யோசனையும் இல்லை, 1920-களிலேயே டாக்காவில் மைக்கேல் வெஸ்ட் என்ற கல்வியாளர் வங்காளப் பிள்ளைகளுக்காக இப்படி எளிய சொற்களில் வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். ஓ. ஹென்றி இறந்தது 1910-இல், ஆகவே காப்புரிமைத் தொல்லை கிடையாது. ஆசிரியர் நடுவில் நின்று தத்துவம் பேசும் இடங்களை வெட்டுங்கள். பொருட்கள், காசு, பேச்சு மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

ஏனென்றால் முதல் பீரியடே காசில்தான் தொடங்குகிறது. ‘ஒன் டாலர் அண்ட் எய்ட்டி செவன் சென்ட்ஸ்’, இதுதான் கதையின் முதல் வரி. கரும்பலகையில் 1.87 என்று எழுதுங்கள். அதன் கீழே 20, 21, 8, 30 என்று மற்ற எண்களையும் எழுதிவிட்டு, எந்த எண் எதற்கு என்று கதையில் தேடச் சொல்லுங்கள். எண் எந்த மொழியிலும் எண்தான், அது கண்ணில் பட்டதும் அதன் இரு பக்கத்திலும் உள்ள ஆங்கிலத்தைப் பிள்ளைகள் தாமாகவே துழாவுவார்கள். டெல்லா சேர்த்து வைத்தது 1.87, அதோடு கூந்தல் விற்ற 20 டாலர், சங்கிலி 21 டாலர், மீதி 87 சென்ட் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பார்கள். வாரத்துக்கு 30 டாலராக இருந்த ஜிம்மின் சம்பளம் 20-ஆகக் குறைந்துவிட்டது, அதில் 8 வீட்டு வாடகைக்குப் போகிறது. ‘அவள் கூந்தலும் அவன் ஒரு வாரச் சம்பளமும் ஒரே விலையா மிஸ்?’ என்று யாராவது கேட்டால் அன்றைய வேலை முடிந்தது, மணி அடிக்கும்வரை பேச விடுங்கள். தெருவில் சவுரி முடி வாங்க வருகிறவரைப் பார்த்த பிள்ளைகளுக்கு முடியை விற்பது என்றால் என்னவென்று நீங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை.

கடினச் சொல் பட்டியலை முதலிலேயே எழுதிப் போடாதீர்கள். நாலைந்து சொல் போதும், அதிலும் பொருளாகக் காட்ட முடிந்ததை வரைந்து காட்டுங்கள். ‘கோம்ஸ்’ என்பதற்குச் ‘சீப்பு’ என்று சொல்லிவிட்டுப் போனால் கதையே கெட்டுவிடும், பிள்ளை மனதில் வருவது வீட்டில் தலைவாரும் பிளாஸ்டிக் சீப்பு, அதற்காகவா கடிகாரத்தை விற்றான் என்று நினைக்கும். இது ஆமையோட்டில் செய்து ஓரத்தில் கல் பதித்த, கொண்டையில் செருகும் அலங்காரச் சீப்பு. தலைப்பில் உள்ள ‘மேஜை’யும் அப்படித்தான், காதில் விழுந்ததும் நம் பிள்ளைகளுக்கு எழுதுகிற மேஜைதான் தோன்றும். அது குழந்தை இயேசுவைப் பார்க்கக் காணிக்கையோடு வந்த கிழக்கத்திய ஞானிகள் என்பதையும், தமிழ் பைபிளில் ‘சாஸ்திரிகள்’ என்று வருவதையும் கடைசி நாளில் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாம் பீரியடில் ஜிம் கதவைத் திறந்து உள்ளே வந்து டெல்லாவையே வெறித்துப் பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த தாளைக் கொடுக்கவே கூடாது. அவன் முகத்தில் என்ன இருந்தது? ‘கோபம்’ என்று வகுப்பே சொல்லும். அந்த வரியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள், கோபமும் இல்லை, வியப்பும் இல்லை, அதிருப்தியும் இல்லை, திகிலும் இல்லை என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். ‘நாட்’, ‘நார்’ என்ற சின்னச் சொற்கள் பொருளைத் திருப்பிவிடுவதைப் பிள்ளைகள் அங்கே தாங்களே பிடிப்பார்கள். அப்புறம் என்ன நடக்கும் என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதட்டும். அதில் பிழை திருத்தாதீர்கள், சிவப்புப் பேனாவைப் பையிலேயே வையுங்கள்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று எடுங்கள். மாதக்கணக்கில் அவள் காசு சேர்த்தது ‘ஹேட் பீன் சேவிங்’ என்று வருகிறது. தமிழில் ‘சேர்த்து வந்திருந்தாள்’ என்கிறோமே, அதுதான். கதை தொடங்குவதற்கு முன்பே நடந்தது என்று காலக்கோடு போட்டுக் காட்டினால் போதும், சூத்திரம் வேண்டாம்.

பரீட்சைப் பாராவுக்குக் கைடு ஏன்? கரும்பலகை எண்களை நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வாக்கியம் எழுதினால் ஏழெட்டு வாக்கியத்தில் கதை வந்துவிடும். மொழி கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், இருக்கட்டும், அது அவர்கள் எழுதியது.

எழுத்துக்கூட்டவே தடுமாறும் நாலைந்து பேர் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். நடித்துப் படிக்கும்போது டெல்லாவின் நீண்ட பேச்சை நன்றாகப் படிக்கிறவரிடம் கொடுங்கள், ஜிம்மை இவர்களிடம் கொடுங்கள். அவன் திகைத்துப்போய் ‘யூவ் கட் ஆஃப் யுவர் ஹேர்?’ என்கிறான். அவள் விளக்கிச் சொன்ன பிறகும் ‘யூ சே யுவர் ஹேர் இஸ் கான்?’ என்று அதையேதான் கேட்கிறான். குட்டி வாக்கியங்கள், தயங்கித் தயங்கிச் சொல்லவேண்டிய வாக்கியங்கள். ஜிம்மும் அங்கே அப்படித்தான் தட்டுத்தடுமாறிப் பேசுகிறான், அதனால் படிக்கிற பிள்ளை திணறுவது வகுப்புக்கு வித்தியாசமாகவே தெரியாது.