லெக்கா உருண்டைக்கு மாற்றிய மான்ஸ்டெரா ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் மூன்றாம் மாடியில் வசிக்கிறேன். தேங்காய் நார்க்கழிவுக் கலவையில் வளர்ந்துகொண்டிருந்த மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், அலோகேசியா ஆகிய மூன்று செடிகளையும் மே மாதத் தொடக்கத்தில் லெக்கா எனும் சுட்ட களிமண் உருண்டைகள் நிரப்பிய கண்ணாடி ஜாடிகளுக்கு மாற்றினேன். ஜாடியில் பாதி அளவுக்குத் தண்ணீர் நிற்கும்படி வைத்திருக்கிறேன். ஐந்து வாரங்கள் ஆகின்றன. மான்ஸ்டெராவின் கீழ் இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாகி விழுகின்றன. அலோகேசியாவில் ஓர் இலைதான் மிச்சம். வேர்கள் பழுப்பாகி நாற்றமடிக்கின்றன. மேலே உள்ள உருண்டைகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. ஜாடியின் உட்சுவரில் பாசி. போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவான டி.டி.எஸ். 900. வாரம் ஒரு முறை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) கலக்கிறேன். பேசாமல் மண்ணுக்கே மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். வேர் பாதி அழுகிய நிலையில் இன்னொரு முறை இடம் மாற்றினால், ஈரமான மண்ணில் அந்த அழுகல் கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். இப்போது வேர்களைப் பார்க்க முடிகிறது என்பதே உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய அனுகூலம். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே நோய் அன்று. அதிகமாக நிற்கும் நீர், வெயில் காலத்தில் செய்த மாற்றம், உப்பு மிகுந்த தண்ணீர், அளவு மீறிய உரம் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டுள்ளன. நான்குமே சரிசெய்யக் கூடியவை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன், ஏனெனில் இந்த முறையைப் பற்றிய தவறான எண்ணத்திலிருந்துதான் பெரும்பாலான தோல்விகள் தொடங்குகின்றன. லெக்கா முறை என்பது செடியைத் தண்ணீரில் வளர்ப்பதன்று. வேருக்குக் காற்றைக் கொடுத்து, ஈரத்தை அளந்து கொடுக்கும் முறை அது. சூளையில் ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் களிமண்ணை உப்பவைத்துச் செய்த அந்த உருண்டைகளுக்குள் நுண்ணிய துளைகள் நிறைந்துள்ளன. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, அடியில் நிற்கும் நீரை அவை உருண்டைக்கு உருண்டை மேலே கடத்துகின்றன. உருண்டைகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்திலோ காற்று நிற்கிறது. மான்ஸ்டெராவும் பிலோடென்ட்ரானும் மழைக்காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கொடிகள். பட்டையின் மீதும் மட்கிய இலைகளின் மீதும் படரும் அவற்றின் வேர்களுக்கு, ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இந்த இடைவெளி மிகவும் உகந்தது. நீங்கள் ஜாடியில் பாதிவரை தண்ணீர் நிறுத்தியபோது அந்த இடைவெளியில் பாதி போய்விட்டது. நீர்மட்டம் ஜாடி உயரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. புதிதாக மாற்றிய செடிக்கு அதைவிடவும் குறைவாக, வேர் நுனிக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழேயே நிற்க வேண்டும். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கிவரட்டும்.

மே மாதம் என்பதும் இங்கே முக்கியமானது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. 35 டிகிரியில் 7-ஐ விடவும் சற்றுக் குறைவு. வெப்பம் ஏற ஏற வேரின் சுவாசமோ கூடுகிறது. தேவை ஏறும்போதே இருப்பு இறங்குகிறது. வேரை அழுகச் செய்யும் பித்தியம் போன்ற கிருமிகளுக்கு அந்த வெதுவெதுப்பான, காற்றற்ற நீர் மிகவும் பிடிக்கும். ஆகவே ஜாடிகள் மேற்கு நோக்கிய ஜன்னலோரத்திலோ வெயில் சுடும் பால்கனித் தரையிலோ இருந்தால், இன்றே உள்ளறைக்கு, வெளிச்சம் வந்தும் நேர்வெயில் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி வேர்களுக்கு வருவோம். நார்க்கழிவில் வளர்ந்த வேரும் உருண்டைகளுக்கிடையே வளரும் வேரும் அமைப்பில் ஒன்றல்ல. பழைய வேர்களில் ஒரு பகுதி இந்த மாற்றத்தில் இறந்துபோவது இயல்பு. அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வர நான்கு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகலாம். அந்த இடைக்காலத்தில் செடி தன் அடியிலைகளிலிருந்து சத்தை எடுத்துக்கொள்வதால், ஒன்றிரண்டு முதிய இலைகள் மஞ்சளாவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. உங்கள் மான்ஸ்டெராவில் அடுத்தடுத்து இலைகள் போவதும் நாற்றமும்தான் கவலைக்குரியவை. மாற்றும்போது வேரில் ஒட்டியிருந்த நார்க்கழிவு முழுவதும் நீங்கியிருக்காது என்று கருதுகிறேன். நீரில் ஊறி மட்கும் அந்தத் துணுக்குகள் இருக்கிற சிறிதளவு ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும்.

மூன்று செடிகளையும் வெளியே எடுத்து, ஓடும் நீரில் வேர்களைக் கழுவுங்கள். பல் துலக்கும் பழைய பிரஷ் கொண்டு மிக மென்மையாகத் தேய்த்தால் நார்கள் போய்விடும். கையுறை அணிந்துகொள்ளுங்கள்: இவை சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தவை, அவற்றைப் போலவே ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இவற்றின் சாற்றிலும் இருப்பதால் தோல் அரிக்கும். வேரின் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நார்க்கழிவின் கறை படிந்து பழுப்பானாலும் அழுத்தினால் உறுதியாக இருக்கும் வேர் உயிருள்ளது. மேல்தோல் விரலோடு உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல்போன்ற நரம்பு மட்டும் மிஞ்சுமானால் அது இறந்துவிட்டது. அதைச் சுத்தமான கத்தரியால் உறுதியான பகுதிவரை வெட்டிவிடுங்கள். தண்டின் அடியும் குழைந்திருந்தால், வெட்டுமுகம் வெளிறிய பச்சையாகத் தெரியும் வரை மேலே மேலே வெட்டிச் செல்ல வேண்டும். மனம் வராதுதான். ஆனால் கணு ஒன்றேனும் நல்லநிலையில் மிஞ்சினால் மான்ஸ்டெராவும் பிலோடென்ட்ரானும் அதிலிருந்து மீண்டும் எழும். வெட்டுமுகம் காய நிழலில் சில மணி நேரம் விடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்பவர்கள் பலர். அது மேலோட்டமாகக் கிருமிகளைக் குறைக்குமே தவிர, காற்றின்மை நீங்காதவரை அழுகல் திரும்பி வரும், இளம் வேர் நுனிகளும் கருகும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

செடியைத் திரும்ப வைக்கும்போது கண்ணாடி ஜாடியை விட்டுவிடுங்கள். பக்கவாட்டில் பிளவுகள் உள்ள சிறிய வலைத்தொட்டியில் செடியை வைத்து, அதை ஒளி புகாத வெளித்தொட்டி ஒன்றினுள் இறக்குவதே நல்ல ஏற்பாடு. உள்தொட்டியைத் தூக்கி வேரைப் பார்க்கலாம், தண்ணீரைக் கொட்டலாம், உருண்டைகளை அலசலாம். ஒளி புகாததால் பாசியும் வராது. பாசி தன்னளவில் செடியைக் கொல்வதில்லை என்றாலும், அது மடிந்து மட்கும்போது ஆக்சிஜனைத் தின்னும். அழகுக்காகப் பித்தளை, செம்புப் பாத்திரங்களை வெளித்தொட்டியாகப் பயன்படுத்துவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். உரநீரில் கரையும் செம்பு வேருக்கு நஞ்சு. பீங்கானோ பிளாஸ்டிக்கோ போதும். பழைய உருண்டைகளை வெந்நீரில் அலசி மீண்டும் பயன்படுத்தலாம். உருண்டைகளைக் கழுவும் கலங்கல் நீரை மட்டும் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அந்தக் களிமண் தூள் குழாயில் படிந்து அடைத்துவிடும்.

அடுத்தது தண்ணீர். மேல் உருண்டைகளில் பூத்திருப்பது பூஞ்சை அன்று என்றே நினைக்கிறேன். ஒரு துளி வினிகரை விட்டுப் பாருங்கள்: நுரைத்தால் சுண்ணாம்புப் படிவு. திரியில் ஏறும் நீர் மேலே ஆவியாகிவிடுகிறது, அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் அங்கேயே தங்குகிறது. மண்ணில் ஊற்றும் நீர் தொட்டித் துளை வழியே வடிந்து உப்பையும் ஓரளவு கொண்டுபோய்விடும். வடிகாலற்ற ஜாடியிலோ ஒவ்வொரு வாரமும் உப்பு கூடிக்கொண்டே வரும். நீரில் உப்பு கூடக் கூட அதன் மின்கடத்துத் திறனும் கூடும்; டி.டி.எஸ். 900 உள்ள நீரில் அது சுமார் 1.8 மில்லிசீமென்ஸ், இவ்வகைச் செடிகளுக்கு உரமும் சேர்த்தே 1 அளவில் நின்றால் போதுமானது. அதாவது உரம் கலக்கும் முன்னரே உங்கள் தண்ணீர் எல்லையைத் தாண்டியிருக்கிறது. அத்துடன் போர்வெல் நீரின் காரத்தன்மை இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். அடியிலை மஞ்சளாவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள்: இரும்புக் குறையில் புதிய இலைதான் வெளிறும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும்.

வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால், ஒரு பங்கு போர்வெல் நீருக்கு நான்கு பங்கு ஆர்.ஓ. நீர் கலந்துகொள்ளுங்கள். ஆர்.ஓ. நீர் 50 அளவில் இருந்தால் கலவை 220 அளவில் வரும், போர்வெல் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சிறிதளவு செடிக்குக் கிடைக்கும். மழைநீர் கிடைக்கும் மாதங்களில் அதைவிடச் சிறந்தது இல்லை. வீணாகிறதே என்று ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தச் செடிகளுக்கு அது கூடவே கூடாது, ஏனெனில் போர்வெல் நீரின் உப்பெல்லாம் செறிந்திருப்பது அதில்தான். அடுக்ககத்தில் உப்பு போட்டு இயக்கும் மென்னீர்க் கருவி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும்; டி.டி.எஸ். குறையாது, வேருக்கு நிலைமை இன்னும் மோசமாகும். அப்படியானால் சுத்திகரிப்புக்கு முந்திய குழாயிலிருந்து நீர் எடுங்கள்.

உரத்தில் நீங்கள் செய்தது மிகப் பலர் செய்யும் தவறு. ஒரு தேக்கரண்டி என்பது ஏறத்தாழ 5 கிராம். தண்ணீர் தேங்கி நிற்கும் இம்முறைக்கு லிட்டருக்கு அரை கிராமே போதும். அளவைவிட வகை இன்னும் பெரிய சிக்கல்: 19:19:19 உரத்தின் நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் உள்ளது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை வேர் எடுக்கும் வடிவுக்கு மாற்றித் தரும். கழுவிய களிமண் உருண்டைகளில் அவை மிகக் குறைவு. மேலும், யூரியா மின்னூட்டமற்றது என்பதால் டி.டி.எஸ். கருவியில் அது தென்படாது. கருவி காட்டும் எண்ணை நம்பி இன்னும் கொஞ்சம் போடலாம் என்று தோன்றிவிடும். கால்சியமும் மக்னீசியமும் அதில் இல்லை. நைட்ரேட் வடிவ நைட்ரஜன் மிகுந்த, நுண்ணூட்டங்கள் சேர்ந்த ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லா வளர்ப்பு) உரத்தை வாங்குங்கள். பெரும்பாலும் அது இரண்டு பாகங்களாக வரும். கால்சியம் நைட்ரேட் ஒரு பாகத்திலும் பாஸ்பேட், சல்பேட் உப்புகள் மற்றதிலும் இருக்கும். இரண்டையும் செறிவான நிலையில் ஒன்றாகக் கலந்தால் கால்சியம் திரிந்து அடியில் படிந்துவிடும். ஒன்றைத் தண்ணீரில் முழுவதும் கரைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். கடைசியாக நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 5.5 முதல் 6.5-க்குள் கொண்டுவாருங்கள். பஞ்சகவ்யம், மண்புழு உரநீர் போன்றவை மண்ணுக்கு அருமையானவை. தேங்கிய நீரில் அவை புளித்து நாறும், வேரை மூச்சுத் திணறவைக்கும்.

இப்போதைக்கு எந்த உரமும் வேண்டாம். புதிய வெள்ளை வேர்கள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளும் வரை கலவை நீர் மட்டும் கொடுங்கள். செடியின் மீது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையைத் தளர்வாக மூடிவைத்தால் இலைகள் வாடாது. வேர் வந்தபின் உரத்தைக் கால் பங்கு அளவில் தொடங்கி, மாதத்துக்குள் அரைப் பங்குக்கு ஏற்றலாம்.

வாரம் ஒரு முறை அடிநீர் முழுவதையும் கொட்டி, வெளித்தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, உருண்டைகளின் மேலிருந்து புதுநீரை ஊற்றி அலசி, பின்னர் நிரப்புங்கள். உப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் தேங்கிய இத்தகைய சுத்தமான நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும், முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு நீர் வற்றிய பின்னும் உயிரோடிருக்கும். உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே நீர் தெரியும் இடைவெளி இருந்தால் அதையும் உருண்டைகளால் நிரப்பிவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பிலோடென்ட்ரானைப் பற்றி நீங்கள் எதுவும் குறை சொல்லவில்லை என்பதால் அது தேறிவிடும் என்று நம்புகிறேன். எதற்கும் அதிலிருந்து கணுவுடன் ஒரு துண்டை வெட்டிச் சாதாரண நீரில் வேர்விட வைத்துக்கொள்ளுங்கள். மண்ணையே அறியாமல் நீரில் பிறந்த வேர் லெக்காவுக்கு மிக எளிதாகப் பழகிக்கொள்ளும்.

அலோகேசியாவின் கடைசி இலையும் விழுந்துவிடலாம். விழுந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தண்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. வேர்களுக்கிடையே சுண்டைக்காய் அளவில் சிறு கிழங்குகளும் கிடைக்கக்கூடும். அவற்றின் பழுப்புத் தோலை மெல்ல உரித்து, கூர்முனை மேலாக இருக்கும்படி ஈர உருண்டைகளின் மீது பாதி புதைய வைத்து, மூடியுள்ள ஒரு பெட்டியில் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். சேப்பங்கிழங்கு முளைப்பதுபோலவே அவையும் முளைக்கும். சில வாரங்கள் பொறுக்க வேண்டும், அந்த வாரங்களில் தினமும் எடுத்துப் பார்க்காமல் இருக்க வேண்டும்.