ஆசை, ஆன்மா, கர்மா – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

பௌத்தம் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை வாசிக்கிறேன். பள்ளியில் படித்த நாளிலிருந்து எனக்குப் பௌத்தம் என்றால் ‘ஆசையே துன்பத்துக்குக் காரணம்’ என்ற ஒற்றை வரிதான். அந்த வரியே என்னைக் குழப்புகிறது. ஆசையே இல்லாமல் மனுஷன் எப்படி வாழ்வான்? பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று நினைப்பது தப்பா? நிர்வாணம் என்கிற விடுதலை வேண்டும் என்பதும் ஓர் ஆசைதானே? ஆன்மா இல்லை என்கிறார்கள், மறுபிறவி மட்டும் உண்டு என்கிறார்கள். அப்படியானால் பிறப்பது யார்?

கடைசியாக ஒன்று. என் அம்மா வெகுநாளாகப் படுக்கையில் இருக்கிறார். ‘எல்லாம் போன ஜென்மத்துக் கர்மா, புத்தரே சொல்லியிருக்கிறார்’ என்று உறவினர் ஒருவர் அம்மாவின் காதுபடவே சொல்கிறார். புத்தர் அப்படிச் சொன்னாரா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை, சொல்லவில்லை. அம்மாவிடம் அதை இன்றே சொல்லிவிடுங்கள். விவரத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ஒற்றை வரி. ஞானம் பெற்றபின் புத்தர் சாரநாத்தின் மான் வனத்தில், பழைய தோழர்கள் ஐந்து பேருக்குச் சொன்ன முதல் உபதேசத்தில் நான்கு உண்மைகள் வருகின்றன. துக்கம் உண்டு. அதற்குக் காரணம் உண்டு. அது முற்றாக நீங்க முடியும். நீங்குவதற்கு எட்டு அங்கங்கள் கொண்ட பாதை உண்டு. பள்ளிப் பாடத்தில் உங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது மட்டும், அதுவும் பாதி. மூன்றாவதும் நான்காவதும் விட்டுப்போனதால்தான் பௌத்தம் வாழ்க்கையை வெறுக்கச் சொல்லும் மதம் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மணிமேகலையில், அறவண அடிகள் தனக்கு உபதேசித்ததாக மாதவி சொல்லும் வரிகளைப் பாருங்கள்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

துன்பத்துக்குப் பக்கத்திலேயே ‘பெரும்பேர் இன்பம்’ நிற்கிறது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிச் செய்திதான்.

நிர்வாணம் வேண்டும் என்பதும் ஆசைதானே என்ற கேள்வி புத்தர் காலத்திலேயே வந்துவிட்டது. கோசாம்பியில் உண்ணாபர் என்ற பிராமணர் புத்தரின் சீடரான ஆனந்தரிடம் இதைக் கேட்கிறார். ‘விருப்பத்தைக் கொண்டே விருப்பத்தை விடுவதென்றால் அதற்கு முடிவே இருக்காதே?’ ஆனந்தர் திருப்பிக் கேட்கிறார்: ‘இந்த வனத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் முன்பு உமக்கு இருந்ததா?’ ‘இருந்தது.’ ‘வந்து சேர்ந்த பிறகு?’ ‘அடங்கிவிட்டது.’ அவ்வளவுதான் பதில். பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்களில் எனக்கு மிகவும் பிடித்த உரையாடல்களில் இதுவும் ஒன்று. நடக்க வைக்கிற விருப்பம் வந்து சேர்ந்ததும் தானாகத் தீர்ந்துபோகிறது. புத்தர் விடச் சொன்னது எவ்வளவு கிடைத்தாலும் தீராத வேட்கையை.

அந்த வேட்கை எந்த இடத்தில் முளைக்கிறது என்பதை பௌத்தம் மிக நுணுக்கமாகப் பார்த்திருக்கிறது. உங்கள் வீட்டில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். உறவினர் ஒரு சொல் சொல்கிறார். அது காதில் படுகிறது, உள்ளே சுருக்கென்று வலிக்கிறது. இதுவரை யாராலும் தடுக்க முடியாது, புத்தருக்கும் உடம்பு வலித்திருக்கிறது. அதற்கு அடுத்த நொடியில்தான் விஷயம் இருக்கிறது. ‘இந்த வலி எனக்கு வரக்கூடாது’ என்று மனம் தள்ளுகிறது. ‘என்னை எப்படி இவர் இப்படிச் சொல்லலாம்’ என்று அதையே பிடித்துக்கொள்கிறது. அவர் எழுந்து போய் வெகுநேரம் ஆன பிறகும் நீங்கள் சமையலறையில் நின்று அவரோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். ஓர் அம்பு தைத்தவன் இரண்டாவது அம்பையும் வாங்கிக்கொள்வதாக புத்தர் இதைச் சொல்கிறார். பௌத்தப் பயிற்சி எல்லாமே அந்த இரண்டாவது அம்பைப் பற்றியதுதான். வலிக்கும் தள்ளலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, அதைக் கவனிக்கப் பழகலாம். தியானம் என்பது மனதைக் காலியாக்கி வைப்பது என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். உண்மையில் அது விழித்துக்கொண்டு பார்க்கிற வேலை.

பிள்ளையின் படிப்பு பற்றிக் கவலையே வேண்டாம். கோலியர் குலத்துத் தீகஜாணு புத்தரிடம் வந்து, ‘நாங்கள் குடும்பஸ்தர்கள், பிள்ளைகுட்டிகளோடு நெருக்கியடித்து வாழ்கிறோம், சந்தனமும் பூவும் பூசிச் சூடுகிறோம், பொன்னும் வெள்ளியும் வைத்திருக்கிறோம், எங்களுக்கு என்ன வழி?’ என்று கேட்டார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று புத்தர் சொல்லவில்லை. ஊக்கமாக உழை, சம்பாதித்ததைக் காப்பாற்று, நல்லவர்களோடு பழகு, வரவுக்கேற்பச் செலவு செய் என்றார். அதன் பிறகுதான் நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு என்று மேலே கொண்டுபோனார்.

அப்புறம் ஆன்மா. சாதி என்ற பெயருடைய பிக்கு (பௌத்தத் துறவி), மீனவர் மகன், ‘அறிகிற இதே உணர்வுதான் மாறாமல் பிறவிக்குப் பிறவி ஓடுகிறது’ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் அவரை அழைத்து, எல்லோர் முன்னாலும் கண்டித்தார். உணர்வு காரணங்களைச் சார்ந்து தோன்றுவது, காரணம் இல்லையேல் தோன்றாது என்பதுதான் அவர் போதனை. பின்னாளில் மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனுக்கு நாகசேனர் என்ற பிக்கு இதையே விளக்கோடு ஒப்பிட்டுச் சொன்னார். இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றல்ல. வேறா? வேறும் அல்ல. ஒன்றைச் சார்ந்து அடுத்தது வருகிறது. பிறவியும் அப்படித்தான். ஒரு பொருள் கூடுவிட்டுக் கூடு பாய்வதில்லை, தொடர்ச்சி மட்டும் உண்டு. ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம், ஆனால் அதில் முரண்பாடு இல்லை.

சரி, கர்மா. ராஜகிருகத்தில் சீவகர் என்ற துறவி புத்தரிடம் நேராகவே கேட்டார்: ‘மனிதன் அனுபவிக்கிற எல்லாமே முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே?’ (புகழ்பெற்ற மருத்துவர் ஜீவகர் வேறு.) அது தவறு என்று புத்தர் தெளிவாகவே சொன்னார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், தாறுமாறான பழக்கம், வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லிவிட்டு எட்டாவதாகத்தான் வினைப்பயனைச் சேர்த்தார்.

உங்கள் உறவினர் விவரம் தெரிந்தவராக இருந்தால், ‘பிற உயிரைத் துன்புறுத்துபவன் நோயாளியாகப் பிறப்பான் என்றும் ஒரு சூத்திரம் இருக்கிறதே’ என்பார். இருக்கிறதுதான். ஆனால் துன்புறுத்தாதே என்று சொல்வதற்கான பேச்சு அது. அதைத் தலைகீழாகத் திருப்பி, நோயாளியைப் பார்த்து ‘நீ ஏதோ செய்திருக்கிறாய்’ என்று தீர்ப்பு எழுத அதில் இடமில்லை. எந்த வினை எங்கே எப்படிப் பலித்தது என்பது சிந்தித்து எட்டாத விஷயம், அதை ஆராயப் போனால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று புத்தரே எச்சரித்திருக்கிறார். எல்லாம் முன்வினை என்றால் இப்போது நல்லது செய்வதற்கும் அர்த்தமில்லாமல் போகும் என்றும் வாதிட்டிருக்கிறார். விதியை நம்புகிற யாரும் அப்படி வாதிட மாட்டார்கள்.

நோயாளி முன்னால் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதும் பதிவாகியிருக்கிறது. வயிற்று நோய் கண்ட ஒரு பிக்கு தன் மலமூத்திரத்திலேயே கிடந்தார். ‘பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா?’ என்று கேட்டார் புத்தர். ‘இல்லை, நான் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்களும் என்னைப் பார்ப்பதில்லை’ என்றார் அவர். முன்வினை பற்றி ஒரு சொல் இல்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைமாட்டை அவரும் கால்மாட்டை ஆனந்தருமாகப் பிடித்துத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். பிறகு பிக்குகளைக் கூட்டி, ‘எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும்’ என்றார்.

உறவினர் மறுபடி கர்மா என்று ஆரம்பித்தால் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நேரம் நீங்கள் போய்க் கொஞ்சம் தூங்குங்கள்.

அன்புடன்.