இன்ஜினைப் பிரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்

கேள்வி: மன்னவனூர் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். பூண்டு, உருளை, கேரட் போடுகிறோம். 14 மாதத்துக்கு முன் வங்கிக் கடனில் 24 எச்.பி. மினி டிராக்டர் வாங்கினேன். விலை 5,40,000 ரூபாய். வாரன்டி 2 ஆண்டு அல்லது 2,000 மணி. ஓடியது 412 மணிதான். போன மாதம் ரொட்டவேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. லாரியில் ஏற்றிக் கீழே டீலரிடம் இறக்கினோம். "கூலன்ட் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள், மூன்றாவது சர்வீஸும் எங்களிடம் விடவில்லை, வாரன்டி கிடையாது. 1,62,000 ஆகும். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுங்கள், பிரித்துவிடுகிறோம்" என்கிறார்கள். அந்த சர்வீஸுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மழை என்று சொல்லி ஆள் அனுப்பவில்லை. கொடைக்கானல் மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினேன், பில் இருக்கிறது. சூடு காட்டும் முள் கடைசி வரை நடுவில்தான் நின்றது. புது வண்டி கேட்கலாமா? தவணையை நிறுத்தலாமா? சில நாள் வாடகை உழவும் போயிருக்கிறோம், தம்பியும் ஓட்டுவான். அது இடிக்குமா?

பதில்: அந்த எஸ்டிமேட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை அல்லவா? போடாதீர்கள். இன்ஜின் பிரிக்கப்படாமல் இருக்கிறது என்பதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து.

சில ஆண்டுகளுக்கு முன் கீழ்மலையிலிருந்து ஒருவர் பவர் டில்லர் வழக்கோடு என்னிடம் வந்தார். நியாயம் முழுக்க அவர் பக்கம். ஆனால் வருவதற்கு முன்பே உள்ளூர் மெக்கானிக்கை வைத்து வீட்டு வாசலிலேயே இன்ஜினைப் பிரித்துவிட்டார். பிஸ்டனையும் கிராங்கையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். பேரிங் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டாயிற்று என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும் அந்த ஒரே கேள்வியைத்தான்.

டீலர் சொல்வதைக் கவனியுங்கள்: கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) இல்லை, அதனால் இன்ஜின் போயிற்று. இருக்கலாம். ஆனால் கூலன்ட் ஏன் இல்லை? வழக்கே அந்தக் கேள்விதான். ரேடியேட்டர் கண்களில் வைக்கோலும் சேறும் அப்பியிருந்து நீங்கள் சுத்தம் செய்யவில்லை என்றால் தவறு உங்களுடையது. குச்சி குத்தி ஹோஸ் கிழிந்திருந்தாலும் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாட்டர் பம்பின் சீல் 400 மணியில் பழுதாகிக் கசிந்திருந்தால், ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) விட்டிருந்தால், பொருளில் குறை என்று தாராளமாக வாதாடலாம். ஒருவேளை பிரச்சினை ஆயிலில் என்றால் கிராங்க் பேரிங் கறுத்தோ நீலம் பாய்ந்தோ காட்டிக்கொடுக்கும். அப்போது ஆயில் பம்பைப் பார்க்க வேண்டும், கூடவே உங்கள் கொடைக்கானல் ஆயில் பில்லையும் பார்ப்பார்கள். இவை எல்லாம் பிரிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிபவை. பிறகு கழுவித் துடைத்து வைத்துவிட்டால் எதையும் சொல்ல முடியாது.

முள் நடுவில் நின்றது என்கிறீர்கள். "முள்ளைப் பார்க்காமல் ஓட்டினார்" என்று எதிர்வாதம் வரும். கூலன்ட் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் திரவத்தில் படாமல், முள் உண்மையான சூட்டைக் காட்டாமலே நிற்கலாம். அனுபவமுள்ள எந்த டீசல் மெக்கானிக்கும் இதைச் சொல்வார். ஒருவரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். டீலர் தேனியில் இருந்தாலும் மதுரையில் இருந்தாலும் உங்களுக்குத் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். மனுக் கட்டணம் நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான்: 5 லட்சம் வரை கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். மனுவை ஆன்லைனில் தாக்கல் செய்யலாம், காணொலி விசாரணையும் கேட்கலாம். மேல்மலையிலிருந்து இறங்கி ஏறினாலே ஒரு நாள் போய்விடும் என்பது எனக்குத் தெரியும், கேளுங்கள். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். டீலரை மட்டும் சேர்த்தால் "வாரன்டி கொடுத்தது கம்பெனி" என்பார். கம்பெனியை மட்டும் சேர்த்தால் "சர்வீஸ் டீலர் பொறுப்பு" என்பார்கள்.

வாடகை உழவு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று கம்பெனி தரப்பு நிச்சயம் எழுதும், அது அவர்களுக்கு அச்சடித்த வரி. ஆனால் பிழைப்புக்காகத் தானே வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆட்டோ, டாக்சியை உதாரணம் காட்டி, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான் என்று சொல்லியிருக்கிறது. தம்பி ஓட்டுவது அதில் அடங்கும். சம்பள டிரைவர் போட்டு ஆண்டு முழுக்க வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. அதனால் மனுவில் வாடகை உழவை மறைக்காதீர்கள். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்ததை மறைத்தால் மீதி எதையும் நம்ப மாட்டார்கள்.

விட்டுப்போன சர்வீஸ்தான் உங்கள் பலவீனமான இடம், அதைப் பூசி மெழுக மாட்டேன். ஆனால் நீங்கள் கூப்பிட்டும் அவர்கள் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் சேவைக் குறைபாடு. அதைச் சொல்லும் ஆதாரம் போன் அழைப்புப் பட்டியல். பழைய அழைப்புகள் போனிலிருந்து அழிந்துவிடும். இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சர்வீஸ் தவறியதால்தான் இந்தக் குறிப்பிட்ட பழுது வந்தது என்பதை அவர்களும் காட்டட்டும். ஆயில் மாற்றாததால் வாட்டர் பம்ப் கசியாது.

புது வண்டி கேட்கலாமா என்றால், கேட்கலாம், கிடைப்பது கடினம். 2006இல் ஒரு கார் வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் வாரன்டி சொல்லும்போது காரையே மாற்றித்தரச் சொன்னது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் கோரிக்கையாக இன்ஜினை இலவசமாகச் சரிசெய்து, அதற்குப் புதிதாக வாரன்டி தரவேண்டும் என்று கேளுங்கள். அது முடியாவிட்டால் விலையைத் திருப்பித்தரவேண்டும் என்பது மாற்றுக் கோரிக்கையாக இருக்கட்டும். கூடவே லாரி வாடகை, வண்டி நின்ற நாளிலிருந்து வெளி டிராக்டருக்குக் கொடுத்த உழவுக் கூலி. ரசீது இல்லாமல் கொடுத்திருந்தால் இனியாவது ஜிபேயில் அனுப்புங்கள். பூண்டு நடவு தள்ளிப்போன நஷ்டத்தையும் கேட்பதாக இருந்தால் வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (பயிர்க் கணக்கு) நகல், போன பருவத்தில் வடுகபட்டி மண்டியில் போட்ட சீட்டு இரண்டும் வேண்டும். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதித்தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

மனு எழுதும் வக்கீல் இரண்டு இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறேன். ஒன்று, 'பொருள் பொறுப்பு' அத்தியாயத்தைச் சேர்ப்பது. பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அந்த அத்தியாயத்தில் 'தீங்கு' என்ற சொல்லுக்குள் வராது. அந்த அத்தியாயம் பொருள் வெடித்துக் கை போனவருக்கு. மற்றொன்று, வாரன்டி நிபந்தனையே 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அறிவிக்கக் கேட்பது. அது மாநில ஆணையத்துக்குப் போகவேண்டிய கோரிக்கை. உங்களுக்குப் பொருளின் குறை, சேவைக் குறைபாடு இரண்டும் போதும்.

மனுவோடு ஓர் இடைக்கால மனுவும் போடுங்கள்: அதே சட்டத்தின் 38(8) பிரிவின் கீழ், இன்ஜினை ஆணையத்தின் அனுமதியின்றிப் பிரிக்கக் கூடாது, வண்டி நிற்பதற்கு வாடகை கேட்கக் கூடாது என்று. வழக்கறிஞர் ஆணையர் (நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் அனுப்பும் வக்கீல்) ஒருவரை நியமித்து, கோவை வேளாண் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி போன்ற இடத்திலிருந்து ஒரு நிபுணர் முன்னிலையில் பிரிக்கக் கேட்கலாம். செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். 1,62,000 எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடியதுதான்.

மனு போட 2 ஆண்டு அவகாசம். நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பினாலும் அந்தக் கணக்கு நீளாது. நோட்டீஸ் ஒன்று போதும், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில். அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து பார்க்கலாம். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வருகின்றன.

தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் வேறு. வண்டி ஓடினால்தான் கட்டுவேன் என்று அதில் இல்லை; ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருக்கிறது. மேனேஜரைப் பார்த்துத் தவணையைத் தள்ளிவைக்க எழுதிக்கொடுங்கள். இன்சூரன்ஸ் பக்கம் போக வேண்டாம், இயந்திரக் கோளாறு சாதாரண பாலிசியில் விலக்கு.

அடுத்த முறை டீலரிடம் போகும்போது அந்தக் கொடைக்கானல் மெக்கானிக்கையும் ஒரு டார்ச்சையும் கூட்டிப் போங்கள். ஜாப் கார்டு (வண்டியை வேலைக்கு எடுத்தபோது டீலர் எழுதும் சீட்டு) நகல் கேளுங்கள். கையெழுத்து கட்டாயம் என்றால், கையெழுத்துக்கு மேலே "இன்ஜினைப் பிரிக்க நான் சம்மதிக்கவில்லை, எஸ்டிமேட்டை ஏற்கவில்லை" என்று உங்கள் கையால் தமிழில் எழுதித் தேதி போடுங்கள். ஹவர் மீட்டரைப் படம் எடுங்கள். பிறகு குனிந்து வாட்டர் பம்பின் அடியைப் பாருங்கள். அங்கே ஒரு சின்னத் துளை இருக்கும், சீல் போனால் கூலன்ட் கசிவது அதன் வழியாகத்தான். அதன் கீழே பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்ததுபோல் காய்ந்த கறை இருந்தால், தொடாமல், துடைக்காமல், பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்து வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.