கல்லு போனாலும் படி இருக்கு

கேள்வி: சார், நான் அஸ்தம்பட்டி, காலேஜ் ரெண்டாம் வருஷம். ஆறகளூர் கோயில்ல கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிறதப் பக்கத்துல நின்னு பாத்ததுல இருந்து இதே நெனப்பாவே இருக்கு. சீனாவுல இப்படி எடுத்ததெல்லாம் நெட்ல இருக்காமே, சீன எழுத்து ஒண்ணுகூடத் தெரியாம அதுல என்னத்தப் பாக்கிறது?

பதில்: தாராளமா பாக்கலாம் தம்பி. நீங்க ஆறகளூர்ல பாத்த அதே வேலைதான் அங்கயும், ஈரப் பேப்பர கல்லுல ஒட்டி பிரஷ்ஷால தட்டித்தட்டி எழுத்துப் பள்ளத்துல இறக்கி, லேசா காஞ்சதும் மேலாக்க மை ஒத்துவாங்க, எழுத்து வெள்ளையா நிக்கும் மத்ததெல்லாம் கருப்பு. அங்க இது ரொம்பப் பழைய பழக்கம், துன்ஹுவாங் குகையில கிடைச்ச படி ஒண்ணு 653-ஆம் வருஷக் குறிப்போட இப்பவும் பாரிஸ்ல இருக்கு.

ஹுவாஷான் மலைக் கோயில்ல 165-ல வெட்டின கல்லு ஒண்ணு, ஹான் ராஜவம்சக் காலத்து எழுத்து, அவ்ளோ அழகு. 1556 நிலநடுக்கத்துல அந்தக் கல்லே போச்சு, அதுக்கு முன்னாடி யாரோ எடுத்து வெச்ச படி மிஞ்சினதாலதான் இன்னிக்கி நாம அதப் பாக்குறோம். இங்க திருப்பணிங்கிற பேர்ல கல்வெட்டு மேல மணல் அடிக்கிறதும் சிமெண்ட் பூசுறதும் பாக்கறப்ப எனக்கு வயிறு எரியுது, நம்ம ஜில்லா நடுகல்லு எத்தனைக்குப் படி எடுத்து வெச்சிருக்கோம் சொல்லுங்க.

சரி, எங்க ஆரம்பிக்கிறதுன்னா, இலங்கைல காலிங்கிற ஊர்ல கிடைச்ச கல்வெட்டுல ஆரம்பிங்க. செங் ஹோங்கிற சீனத் தளபதியோட கப்பற்படை கொண்டுவந்தது, 1409, சீனம் தமிழ் பாரசீகம் மூணும் ஒரே கல்லுல, கல்லு இப்ப கொழும்பு மியூசியத்துல. சீனத்துல புத்தருக்குக் காணிக்கை, தமிழ்ல தேனாவரை நாயனார்ங்கிற சாமிக்கு, பாரசீகத்துல இஸ்லாம் முறைப்படி. பொன் ஆயிரம் வெள்ளி ஐயாயிரம்னு தமிழ்ல வர்றது சீனத்துலயும் இருக்கு, அத வெச்சே சீன எண்ணு ரெண்டு மூணு பிடிபட்டுரும். வருஷம் யோங்லே 7-னு இருக்கும், நம்ம சோழர் கல்வெட்டுல ராஜா பேரோட 'யாண்டு' வருமே அந்த மாதிரிதான், ராஜா பேருக்குப் பதிலா ஆட்சிக் காலத்துக்குன்னு வெச்ச பேரு. அப்புறம் சீனாவுல சுவான்சௌ ஊர் சிவன் கோயில் தமிழ்க் கல்வெட்டு, 1281, அதையும் தேடிப் பாருங்க.

அது முடிஞ்சு ஹார்வர்ட் யென்சிங் லைப்ரரி, பெர்க்லி, கியோட்டோ யுனிவர்சிட்டி மூணோட வெப்சைட்லயும் படிகள் இருக்கு. வலது ஓரத்துல ஆரம்பிச்சு மேலிருந்து கீழ பாருங்க. பெரிய சைஸ்ல திறந்து, சிவப்பு முத்திரை இருந்தா அதையும் ஜூம் பண்ணுங்க, அதெல்லாம் பெரும்பாலும் அந்தப் படிய வெச்சிருந்தவங்க போட்டது.