கிட்ஹப்பிலிருந்து கிட்லேபுக்கு மாறுகிறோம். குளோன் செய்து புஷ் செய்தால் போதாதா?

இரண்டுமே, கிட் என்ற மாற்ற-வரலாற்றுக் கருவியில் எழுதிய மென்பொருள் கோடை வைக்கும் தளங்கள். கோடு மட்டும் போனால் போதும் என்றால், போதும். கிட் குளோன் --மிரர் கொடுத்து இழுங்கள், புது இடத்தில் காலி ரெப்போ (கோடுக் கிடங்கு) ஒன்று திறந்து கிட் புஷ் --மிரர் கொடுங்கள். பிராஞ்ச், டேக், பழைய கமிட் (பதிந்த மாற்றங்கள்) எல்லாம் டீ ஆறுவதற்குள் போய்விடும். காலி ரெப்போ என்பதில் கவனமாக இருங்கள். மூலத்தில் இல்லாத பிராஞ்ச் அங்கே இருந்தால் மிரர் புஷ் அதை அழித்துவிடும்.

கூடவே போகாதவைதான் பின்னால் வலிக்கும். சேலம் ஐந்து ரோடு பக்கம் எங்கள் சின்ன அலுவலகம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், கொலுசாகத் திரும்பும்போது எடை குறையும். அதில் எவ்வளவைச் சேதாரமாகக் கழிப்பது என்பதுதான் எங்கள் கோடின் உயிர். முன்பு ஒருமுறை தளம் மாறியபோது கிட் வரலாற்றை மட்டும் கொண்டுவந்துவிட்டு, பழைய தளத்தில் இருந்த எங்கள் கணக்கை நாங்களே மூடிவிட்டோம். சில மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த தம்பி சேதாரக் கணக்கில் விசித்திரமான ஒரு வரியைப் பார்த்தார். கமிட் செய்தியில் "#41 பார்க்க" என்று மட்டும் இருந்தது. புது இடத்தில் 41 என்பது பிரின்டர் பற்றிய வேறு புகார். தவறு என்று நினைத்து அந்த வரியை எடுத்துவிட்டார். சனிக்கிழமை கணக்கு முடிக்கும் நேரத்தில் சிவதாபுரம் பட்டறை ஒன்றிலிருந்து போன்: "என்ன தம்பி, ஆளுக்கு ஆள் வெள்ளி பாக்கி நிக்குது?" அந்தப் பட்டறையின் வழக்கத்துக்காகவே எழுதிய வரி அது. அதற்கான விளக்கம் மூடிய கணக்கோடு போயிருந்தது.

அதனால், கிட்லேபில் உள்ள கிட்ஹப் இம்போர்ட்டரையே பயன்படுத்துங்கள். இஷ்யூ (புகார், வேலைக் குறிப்பு), புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை), அவற்றின் கீழ் நடந்த பேச்சு எல்லாம் வரும். ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. கிட்ஹப்பில் இஷ்யூவுக்கும் புல் ரெக்வெஸ்டுக்கும் ஒரே எண் வரிசை, இரண்டுக்கும் # தான். கிட்லேபில் இஷ்யூவுக்கு #; புல் ரெக்வெஸ்டுக்கு அங்கே மெர்ஜ் ரெக்வெஸ்ட் என்று பெயர், அதற்கு !. பழைய கமிட் செய்தியில் புல் ரெக்வெஸ்டைக் குறித்த # எண், அங்கே தானாகப் போய்ச் சேராது. கிட் லாக் --கிரெப் போட்டு அப்படிப்பட்ட கமிட்களைத் தேடி, முக்கியமானவற்றின் காரணத்தை இரண்டு வரியில் கோடின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். தளங்கள் நிலையானவை அல்ல: கூகுள் கோடு தளம் 2016-ல் மூடப்பட்டது, பிட்பக்கெட் தளம் 2020-ல் கிட் போன்ற மெர்குரியல் கருவியைக் கைவிட்டது. அடுத்த முறை மாறும்போதும் கோடுக்குள் எழுதியது கூடவே வரும்.

எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் வசதி) இருந்தால் மிரர் குளோனில் சுட்டிகள் மட்டுமே வரும். கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச் --ஆல், பிறகு கிட் எல்எஃப்எஸ் புஷ் --ஆல் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆக்‌ஷன்ஸ் கோப்புகளை (கிட்ஹப் தானாக ஓட்டும் வேலைகளுக்கானவை) கிட்லேபில் அதே வேலையைச் செய்யும் சிஐ வடிவத்துக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கும். கிட்ஹப்பில் சேமித்த ரகசியச் சாவிகளை அதன் அமைப்புப் பக்கத்தில் திரும்பப் படிக்க முடியாது, புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரெப்போவை அழிக்காதீர்கள். ஆர்க்கைவ் செய்துவிட்டால் யாரும் புஷ் செய்ய முடியாது, படிக்க மட்டும் முடியும். எங்களுடையதை இந்த முறை அப்படித்தான் விட்டிருக்கிறோம்.