மறு: 52 வயதில் மூளை மந்தமாகிவிட்டதா?
புது மென்பொருளைப் பக்கத்து இருக்கைப் பையன் இரண்டே நாளில் பிடித்துவிட்டான், எனக்கு இரண்டு வாரமாகியும் வரவில்லை, தெரிந்தவர் பெயர்கூட நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

எனக்கு 61. வேகம் குறைவது உண்மைதான். அது நடுவயதுக்கு முன்பே மெல்லத் தொடங்கிவிடுகிறது, நாம்தான் தாமதமாகக் கவனிக்கிறோம். ஆனால் சொல்வளமும் அனுபவ அறிவும் அறுபதை ஒட்டியும் வளரக்கூடியவை.

எனக்குக் கைகொடுத்தது ஒரு நோட்டு. எந்தப் பொத்தானுக்குப் பிறகு எது என்று என் கையாலேயே எழுதிவைத்தேன். வெட்கப்பட்டு மேசை டிராயருக்குள் வைத்தே எட்டிப் பார்ப்பேன். மூன்றாவது மாதம், எங்கள் அலுவலகத்து வேகக்காரப் பையனே தயங்கித் தயங்கி வந்து, "சார், அந்த நோட்டைக் கொஞ்சம் தரீங்களா?" என்றான்!

பெயர் வராவிட்டால் நேராகக் கேட்டுவிடுங்கள். என்னிடம் இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்புறம், தைராய்டு கோளாறும் வைட்டமின் பி12 குறைபாடும் மறதியைத் தரலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பழகிய வழியே குழம்பினால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ராஜினாமா கடிதம் இப்போதைக்கு வேண்டாம்.